வீடியோ காலில் கலப்பை: பழைய மாஸி சண்டித்தனம் செய்தால் எங்கே பார்ப்பது

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் போன் அடித்தால் ஊரில் மணி ஆறு. தம்பி டிராக்டரோடு வயலில் நிற்கிறான். எடுத்ததும் அவன் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, டாப் லிங்க்கை எவ்வளவு சுத்தணும்?” என்ன கோளாறு என்று சொல்லமாட்டான். டாக்டரிடம் போய் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டே, அந்த ரகம்.

நான் சிங்கப்பூர் துவாஸில் ஃபோர்க்லிஃப்ட்டும் எக்ஸ்கவேட்டரும் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறேன். ஊரில், ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், அப்பா இரண்டாம் கையாக வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. டார்மிட்டரியில் அடுத்த கட்டில்காரருக்கு அறந்தாங்கி, எதிர்க் கட்டிலுக்கு முதுகுளத்தூர். ஆளுக்கொரு பழைய டிராக்டர் ஊரில் நிற்கிறது. சம்பளம் இங்கே, சால் அங்கே. ஓட்டுவது அப்பாவோ மச்சானோ, கோளாறு வந்தால் மட்டும் நம் போன் அடிக்கும். அதனால், நேரில் போய்த் தொட்டுப் பார்க்க முடியாத ஒருவன் கேள்வி கேட்டுக் கேட்டே எப்படிக் கண்டுபிடிப்பான் என்பதை அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். நான் சொல்வது இரண்டு கொழு உள்ள, மண்ணை வலப்பக்கம் புரட்டும் சாதாரண இறக்கைக் கலப்பைக்கு. மண்ணை இரண்டு பக்கமும் மாற்றிப் புரட்டும் ரிவர்சிபிள் கலப்பைக்கு இதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

பெயர்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். மண்ணை அடியில் அறுக்கும் இரும்பு கொழு. அறுத்ததைப் புரட்டும் வளைந்த தகடு இறக்கை. உழாத நிலத்தின் சுவரை உரசிக்கொண்டே வரும் நீளத் தகட்டைப் பக்கத்தகடு என்கிறேன். அதன் பின்முனை குதிகால். டிராக்டரின் இரண்டு கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கின்றன. நடுவே மேலே இருக்கும் டாப் லிங்க் இழுப்பதில்லை. உழும்போது அது டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஆனால் ஹாரி ஃபெர்குசனின் சூட்சுமமே அந்தத் தள்ளலில்தான் இருக்கிறது. வெறுமனே பின்னால் கட்டி இழுத்த காலத்தில் கொழு கல்லில் மாட்டினால் டிராக்டர் மூக்கைத் தூக்கி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து, மேல் கை தள்ளுகிற விசையாலேயே ஹைட்ராலிக் வால்வை ஆட்டுவித்தார். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்த சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் முதல், சென்னையில் டாஃபே செய்த நம் சிவப்பு மாஸி வரை எலும்புக்கூடு அதேதான்.

வயலுக்குப் போகுமுன் களத்துக்குப் போங்கள்

முதல் லெவல் வைக்காமல் வயலில் நின்றுகொண்டு எதையும் திருகக் கூடாது. உழும்போது வலப் பின்சக்கரம் சாலுக்குள் ஓடுகிறது, இடச்சக்கரம் மேட்டில் ஓடுகிறது. டிராக்டரே சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த வண்டியில் கலப்பை மட்டும் நேராக நிற்க வேண்டும். அந்த நேரை வயலில் கண்ணால் பிடிக்க முடியாது.

நெல் காயப்போடும் சிமெண்ட் களம் போதும். ஆறு அங்குல ஆழம் உழப் போகிறீர்கள் என்றால், இடப்பக்க முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டையும் ஆறு அங்குல உயரப் பலகைகள்மேல் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். வலச்சக்கரங்கள் தரையில் இருக்கும். இப்போது களத்துத் தரைதான் உங்கள் சாலின் அடி. சக்கரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டுக் கலப்பையை இறக்குங்கள். இரண்டு கொழுவின் மூக்கும் இரண்டு குதிகாலும் தரையைத் தொட வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கலப்பை வலமோ இடமோ சாய்ந்திருந்தால் வலது லிஃப்ட் ராட்டின், அதாவது வலது கீழ்க்கையைத் தூக்கிப் பிடிக்கும் தண்டின், கைப்பிடியைச் சுற்றுங்கள். பக்கத்திலிருந்து பார்த்து முன்னே பின்னே சாய்ந்திருந்தால், அப்போது மட்டும் டாப் லிங்க். இடது லிஃப்ட் ராட்டைத் தொடாதீர்கள்.

இதற்கும் முன்னால் டயர். பின்டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவு, வயலுக்கு 12 முதல் 15 பவுண்டு. ஒன்றில் எட்டும் ஒன்றில் பதினெட்டும் வைத்துக்கொண்டு லெவல் பார்ப்பது, கால் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து படத்துக்கு ஆணி அடிக்கிற வேலை.

லெவல் பார்க்கப் போனிலேயே ஆப் இருக்கிறது என்று தம்பிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் போனைக் கலப்பையின் சட்டத்தில் மல்லாக்க வைத்தான். அடுத்த ஐந்து நிமிடம் எனக்குத் தெரிந்தது ஒரத்தநாட்டு வானமும் ஒரு காக்கையும். இரண்டாவது போன் ஒன்று கையில் இருப்பது நல்லது.

“மண்ணுல எறங்கவே மாட்டேங்குது”

போன கோடையில் இதைச் சொன்னான். ஓர் உழவு மழை பெய்து ஈரம் இருந்தது. கலப்பை மேலாகக் கீறிக்கொண்டு போனதே தவிர நாலு விரல்கூட இறங்கவில்லை. டாப் லிங்க்கில் இருக்கிற மரையெல்லாம் சுற்றிக் குட்டையாக்கிவிட்டான். போதாததற்குச் சித்தப்பா மகனைக் கலப்பைமேல் ஏறி நிற்கச் சொல்லியிருக்கிறான். வீடியோவில் அந்தப் பையனின் செருப்புக்காலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “அவன மொதல்ல எறக்குடா” என்று கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார்.

டாப் லிங்க்கைக் குட்டையாக்கினால் கொழுவின் மூக்கு கீழே குனியும், உண்மைதான். தேக்கா உணவங்காடி நிலையத்தில் இதை ஒருவருக்குக் கரண்டியால் காட்டினேன்: கரண்டியின் வாலைத் தூக்கினால் முனை சோற்றில் குத்தும். ஆனால் முனையே மழுங்கிய கரண்டியை எவ்வளவு குனிய வைத்தாலும் அது சோற்றை அமுக்குமே தவிர உள்ளே போகாது.

அதனால் கலப்பையைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் தடித்த மரக்கட்டை கொடுத்து, அதன்மேல் இறக்கி உட்கார வைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்திப் போனைக் கீழே கொண்டுபோகச் சொன்னேன். எது பளபளக்கிறது, எது துருப்பிடித்திருக்கிறது? உரசும் இடம் கண்ணாடியாக மின்னும். உரசாத இடத்தில் துரு அப்படியே இருக்கும். எங்கள் கொழுவின் மூக்கு நுனியில் பழைய துரு இருந்தது. நுனிக்கு இரண்டு விரல் பின்னால், அடிப்பக்கம், படகின் அடிபோல உருண்டு பளபளவென்று மின்னியது. அதாவது கொழு மண்ணை அறுக்கவில்லை, சறுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

அடுத்தது இரும்பு அளவுகோல். மூக்கு நுனியிலிருந்து குதிகால்வரை அடியில் நீளமாக வைத்துப் பார்த்தால், நல்ல கொழுவில் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் சந்து தெரிய வேண்டும். அந்தச் சந்துதான் கலப்பையை உள்ளே இழுக்கிறது. அளக்க ஃபீலர் கேஜ் எல்லாம் தேட வேண்டாம்; இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லி. எங்களுடையதில் ஒரு நாணயமே நுழையவில்லை. அதே அளவுகோலைப் பக்கவாட்டில், உழாத நிலம் இருக்கும் பக்கமாக வைத்தால் அங்கேயும் ஏறக்குறைய 5 மில்லி சந்து வேண்டும். அது போய்விட்டால் கலப்பை அகலம் பிடிக்காது.

கேட்டுப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. கொழு தேய்ந்துவிட்டதென்று பட்டறையில் கொடுத்துத் தட்டி வாங்கியிருக்கிறான். தட்டியவர் கூராகத்தான் தட்டியிருக்கிறார், ஆனால் மூக்கின் கீழ்நோக்கிய வளைவை நிமிர்த்திவிட்டார். கூர் இருந்து வளைவு இல்லாத கொழு வெங்காயம் வெட்ட ஆகும், உழவுக்கு ஆகாது. புதுக் கொழு இரண்டு போட்டு, டாப் லிங்க்கைப் பழைய நீளத்துக்கே கொண்டுவந்தபின் ஆறு அங்குலம் தானாக இறங்கியது.

கொழு நன்றாக இருந்தும் இறங்கவில்லையா? பார்க்க வேண்டிய வரிசை: லிவர் முழுக்க இறக்கத்தில் இருக்கிறதா, வலது லிஃப்ட் ராடு ஒரேயடியாகக் குட்டையாகக் கிடக்கிறதா, டாப் லிங்க் நீளமாகிக் குதிகாலில் உட்கார்ந்துவிட்டதா. மூன்றும் சரியென்றால் மண்ணைக் குற்றம் சொல்லலாம். நஞ்சையில் வருடா வருடம் சேறு உழுததில் அடியில் ஓர் இறுகிய தட்டு உட்கார்ந்திருக்கும். காய்ந்த சித்திரையில் அதை இறக்கைக் கலப்பை உடைக்காது. அதற்கு உளிக்கலப்பை வேண்டும், இல்லை மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

சட்டிக்கலப்பை (டிஸ்க் கலப்பை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. சட்டிக்கு, சந்து உள்ளே இழுக்கும் இந்த உறிஞ்சல் கிடையாது. அது தன் எடையால்தான் இறங்குகிறது. எடை கூட்டுங்கள், சட்டி ஓடும் திசைக்கு 42 முதல் 45 பாகைக் கோணத்தில் நிற்கிறதா பாருங்கள், விளிம்பைத் தீட்டுங்கள். எடை என்று நான் சொல்வது இரும்பை. சித்தப்பா மகனை அல்ல.

“ஒரு சால் பள்ளம், ஒரு சால் மேடு”

உழுது முடித்த வயல் படிக்கட்டு மாதிரி தெரியும். முதல் கொழுவும் பின் கொழுவும் ஒரே ஆழத்தில் போகவில்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது: இரண்டு வெவ்வேறு தவறுகள் ஒரே அறிகுறியைக் காட்டும். முதல் கொழு ஆழமாகப் போனால் டாப் லிங்க் குட்டையாக இருக்கலாம். கலப்பை வலப்பக்கம் சாய்ந்தும் இருக்கலாம், ஏனென்றால் முதல் கொழுதான் வலப்பக்கம் இருக்கிறது. டாப் லிங்க் கோளாறை லிஃப்ட் ராட்டால் சரிசெய்தால் ஆழம் ஒன்றாகிவிடும், ஆனால் இரண்டு கொழுவும் கோணலாகவே அறுக்கும். சால் அடி ரம்பப் பல் மாதிரி வரும்.

பிரித்தறியும் வழி இதுதான். உழுதுகொண்டிருக்கும்போதே, கலப்பையைத் தூக்காமல் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக் பிடித்து, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று நேர் பின்னாலிருந்து, போனை முழங்கால் உயரத்தில் பிடித்து. இன்னொன்று நேர் பக்கத்திலிருந்து, அதே உயரத்தில். நின்றபடி மேலிருந்து எடுத்த படம் எதற்கும் உதவாது. எல்லாக் கலப்பையும் மேலிருந்து பார்த்தால் நேராகத்தான் இருக்கும். பின்படத்தில் சாய்வு தெரிந்தால் லிஃப்ட் ராடு. பக்கப் படத்தில் சட்டம் நிலத்துக்கு இணையாக இல்லாவிட்டால் டாப் லிங்க்: முன் கொழு ஆழமென்றால் நீட்டுங்கள், பின் கொழு ஆழமென்றால் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் முப்பது அடியாவது ஓட்டிவிட்டுத்தான் அடுத்தது. டாப் லிங்க்கை எத்தனை சுற்று சுற்றினாய் என்பதைச் சாக்பீஸால் மட்கார்டில் எழுதச் சொல்லிவிடுவேன். “கொஞ்சம் சுத்துனேண்ணே” என்பது ஓர் அளவு இல்லை.

வயலைத் திறக்கும் முதல் சாலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்போது இரண்டு சக்கரமும் மேட்டில்தான் ஓடுகின்றன, களத்தில் வைத்த லெவல் அங்கே பொருந்தாது. மூன்றாவது நடையிலிருந்து பார்த்தால் போதும். அறந்தாங்கிக்காரரின் மைத்துனர் முதல் சாலைப் பார்த்தே பயந்து, சரியாக இருந்த கலப்பையை மத்தியானம் வரை திருகிக் கெடுத்த கதை எங்கள் அறையில் இன்னும் ஓடுகிறது.

“ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது”

முதலில் கீழ்க்கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைப் பாருங்கள். கலப்பை தரையில் இருக்கும்போது கீழ்க்கைகள் பக்கவாட்டில் இரண்டு மூன்று அங்குலமாவது அசைய வேண்டும். இறுக்கிக் கட்டிவிட்டால் கலப்பை தன் வழியைத் தேட முடியாமல் டிராக்டரையே திருப்பும். கல்டிவேட்டருக்கு இறுக்கியதைக் கலப்பைக்கு மாற்றும்போது தளர்த்த மறந்துவிடுகிறார்கள். எனக்கு வந்த இந்த வகை அழைப்புகளில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்தன. தூக்கினால் கலப்பை ஆடி டயரில் உரசாத அளவுக்கு மட்டும் செயின் பிடித்தால் போதும்.

செயின் சரியென்றால் பக்கத்தகடு. இறக்கை மண்ணை வலப்பக்கம் தள்ளுகிறது. அந்த எதிர்விசையை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து வருவது பக்கத்தகடுதான். அது தேய்ந்து போனாலோ போல்ட் கழன்றாலோ கலப்பை நண்டு மாதிரி கோணலாக நடக்கும். முதல் கொழு மட்டும் அகலமாகவோ குறுகலாகவோ அறுத்தால், கீழ்க்கைகள் மாட்டும் குறுக்குத் தண்டின் போல்ட்டைத் தளர்த்தித் தண்டைச் சிறிது சுழற்றுங்கள். கொழுவின் மூக்கு உழுத பக்கம் திரும்பினால் முதல் சால் குறுகும், உழாத பக்கம் திரும்பினால் அகலும். எந்தப் பக்கம் சுழற்றினால் மூக்கு எங்கே திரும்பும் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம்; கொஞ்சம் சுழற்றி, மூக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“மண்ணு பொரள மாட்டேங்குது, ஒட்டிக்குது”

ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டச் சொல்லுங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று உள்ளங்கையில் ஒட்டினால் இறக்கையிலும் ஒட்டும், வீட்டுக்குப் போகலாம். ஈரம் சரியாக இருந்தும் ஒட்டினால் இறக்கையில் துரு. மழைக்காலம் முழுவதும் வேப்பமரத்தடியில் நின்ற கலப்பைக்குத் துரு இல்லாமல் என்ன இருக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உழவு முடிந்த அன்றைக்கே பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசிவைத்தால் அடுத்த வருடம் இந்த அழைப்பு வராது.

புரளாமல் எழுந்து அப்படியே திரும்பி விழுகிறதென்றால் ஆழம் அதிகம். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆழம் வைத்தால் மண்கட்டிக்குக் கவிழ இடமிருக்காது. 12 அங்குலக் கலப்பைக்கு எட்டு அங்குலம் எல்லை.

“இழுக்க முடியாம தெணறுது, சக்கரம் சுத்துது”

சுற்றத்தான் செய்யும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. பின்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிவைத்து வயலிலேயே பத்துச் சுற்று ஓட்டி தூரத்தை அளக்கவும். அப்புறம் உழுதுகொண்டே பத்துச் சுற்று. எங்கள் வண்டியில் 12.4-28 டயருக்கு வெறுமனே 38 மீட்டர் வந்தது, உழும்போது 32. ஆறு மீட்டர் வீண், 38-ல் ஏறக்குறைய 16 சதவீதம். பத்து, பதினைந்து வரை தாங்கலாம். அதற்கு மேல் டீசலும் டயரும்தான் கரையும். பின்டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியதும் எங்களுக்கு அந்தச் சதவீதம் இறங்கிவிட்டது. முன்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்புகிறதென்றால் முன்னால் எடை வேண்டும், அல்லது பேராசைப்பட்டு ஆழம் வைத்திருக்கிறீர்கள்.

“மேலயும் கீழயும் துள்ளிக்கிட்டே போவுது”

இது ஹைட்ராலிக் பக்கத்துக் கதை, நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய கதை. மாஸியில் இரண்டு லிவர். ஒன்று பொசிஷன்: எந்த உயரம் சொல்கிறோமோ அந்த உயரத்தில் கைகள் நிற்கும். மற்றது டிராஃப்ட்: உயரத்தை அல்ல, இழுவிசையை நிலையாக வைத்துக்கொள்ளும். எது எது என்று எழுத்தெல்லாம் அழிந்துபோன வண்டியில் கண்டுபிடிப்பது எளிது. கலப்பையைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். ஒரு லிவரைப் பாதி நகர்த்தினால் கைகள் பாதியில் நின்றால் அது பொசிஷன். பாதியில் நிற்காமல் ஒரேயடியாக மேலே போவதும் ஒரேயடியாகக் கீழே விழுவதுமாக இருந்தால் அது டிராஃப்ட். ‘லிஃப்ட் கெட்டுப்போச்சு’ என்று இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பயந்தவர்கள் உண்டு. பளு இல்லாத டிராஃப்ட் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

உழவுக்குப் பொசிஷனில் போட்டால், முன்சக்கரம் ஒரு வரப்பில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் கலப்பையும் ஏறி இறங்கும். டிராஃப்ட்டில் போட்டால் அந்தத் துள்ளல் குறையும். டிராஃப்ட்டில் போட்டும் துள்ளினால் மூன்று இடம். லிஃப்ட்டின் வேகத்தை மாற்றும் ரெஸ்பான்ஸ் லிவர் வேகப்பக்கம் இருக்கிறதா? மெதுவான பக்கம் நகர்த்துங்கள். அடுத்தது டாப் லிங்க் மாட்டும் இடத்திலிருக்கும் கண்ட்ரோல் ஸ்பிரிங். டாப் லிங்க்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். போனை அருகில் வைத்துக் கேட்டால் எனக்கே இங்கே கேட்கும்: ‘டக், டக்’ என்றால் ஸ்பிரிங்கில் ஆட்டம் இருக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் டாப் லிங்க் தள்ளுவது வால்வுக்குத் தெரிவதில்லை; தெரிந்தபின் ஒரேயடியாகத் தூக்கும், பின் ஒரேயடியாகப் போடும். மூன்றாவது, டாப் லிங்க் பின்னும் அதன் ஓட்டையும். முதல் வகை (கேட்டகரி 1) மூன்று முனை இணைப்புக்கு மேல் பின் 19 மில்லி, கீழ்ப் பின்கள் 22 மில்லி. பின் தொலைந்ததென்று ஏதோ ஒரு போல்ட்டை மாட்டி, ஓட்டை முட்டை வடிவமாகிப் போயிருந்தால் எந்த ஸ்பிரிங்கை மாற்றியும் பயனில்லை.

ஒரு வயலிலேயே செம்மண்ணும் மணலும் மாறி மாறி வந்தால் டிராஃப்ட் குழம்பத்தான் செய்யும். இளக்கமான இடத்தில் ஆழப் போகும், கெட்டியான இடத்தில் மேலே வரும். அங்கே கோளாறு இல்லை. ஆழச் சக்கரம் உள்ள கலப்பையாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“தூக்கவே மாட்டேங்குது” அல்லது “தூக்குனா தானா எறங்குது”

யாராவது ஆசைப்பட்டு டிஇ20 வாங்கியிருந்தால், முதல் கேள்வி: பிடிஓ, அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு, அதன் லிவர் போட்டிருக்கிறதா? அந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பிடிஓ தண்டிலேயே ஓடுகிறது. லிவர் விலகியிருந்தால் லிஃப்ட் செத்த மாதிரி கிடக்கும். கிளட்சை மிதித்தாலும் பம்ப் நின்றுவிடும். இது தெரியாமல் ஹைட்ராலிக் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தவர் ஒருவர் உண்டு.

மற்ற எல்லா மாஸிக்கும் முதலில் எண்ணெய். கியர்பாக்ஸுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான். எங்காவது சீல் கசிந்து அளவு குறைந்தால் கியர் சத்தம் கேட்பதற்கு முன்பே லிஃப்ட் சோர்ந்துவிடும். அளவுக்குச்சியை எடுத்து வெயிலில் காட்டச் சொல்லுங்கள். டீத்தண்ணீர் நிறம் சரி. பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் மூடாமல் நின்ற வண்டியாக இருக்கும். முழுவதையும் வடித்து, வடிகட்டியைக் கழுவி, புது எண்ணெய் விடாமல் வேறெதையும் பிரிக்க வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது, தூக்கிய கலப்பை விக்கல் எடுப்பதுபோலத் துள்ளுகிறதா? உள்ளே எங்கோ எண்ணெய் கசிந்து கை இறங்குகிறது, பம்ப் மறுபடி தூக்குகிறது. சிலிண்டரின் ரிங், ஓ-ரிங், வால்வு, இதில் ஏதாவது ஒன்று. இது போனில் முடிகிற வேலை இல்லை. உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு, அவர் மூடியைத் திறக்கும்போது வீடியோவில் இருங்கள். எஞ்சினை அணைத்து ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பார்த்தால் இறங்கியிருக்கிறதென்றால், அந்த வயசு வண்டிக்கு அதெல்லாம் கோளாறே இல்லை. பத்து நிமிடத்தில் இறங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே தினமும் காலையில், வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நின்றுகொண்டு தூங்கியபடியே கேட்கிற ஒன்றுதான்: தொங்குகிற பளுவுக்கு அடியில் உடம்பை விடாதே. ஊரில் அதைச் சொல்ல ஆளில்லை. கொழு மாற்றுவதற்காகத் தூக்கிய கலப்பைக்குக் கீழே தம்பி மல்லாந்து படுத்திருந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், லிவர் பக்கத்தில் அவன் மூன்று வயது மகன் விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். போனில் முகம் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, கலப்பை தரையில் இருக்கிறதா, கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறதா என்பது. காட்டிய பிறகுதான் டாப் லிங்க் பேச்சு.